கேட்டுச் சேர்த்த செல்வம்: பால் ஓலாப் போடிங்

நுழையும்முன்

ஏட்டில் எழுதப்பட்ட நூலைக் கறையான் அரித்தாலும் வேறோர் ஊரில் மற்றொரு படி கிடைக்கக்கூடும். எழுதப்படாத சொல்லுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. அதை அறிந்த கடைசி மனிதரோடு அதுவும் மறைந்துவிடும். தம் நாட்டு உழவர்களின் பேச்சுக்கு மதிப்புத் தேடிய நார்வே மண்ணிலிருந்து வந்து, இந்தியப் பழங்குடி மக்களின் மொழிக்குச் செவிசாய்த்தவர் ஒருவர். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கேட்டும் எழுதியும் அவர் சேர்த்த செல்வத்தையும், அதனை அவருக்கு வழங்கிய மக்களையும் அறிந்துகொள்வோம்.

பனியும் நீரும் சூழ்ந்த நாடு

ஐரோப்பாவின் வடகோடியில் அமைந்தது நார்வே. மலைகளைப் பிளந்துகொண்டு கடல்நீர் உள்நாட்டிற்குள் நெடுந்தொலைவு நீண்டுகிடக்கும் ஆழ்கழிகள் அந்நாட்டின் தனி அடையாளம். மொத்த நிலப்பரப்பில் நூற்றில் மூன்று பங்கே உழுது பயிரிடத் தக்கது. ஆகவே நம் ஊர்களைப் போல வீடுகள் தெருத்தெருவாகச் சேர்ந்திருக்கும் வழக்கம் அங்கே அரிது. மலைச்சரிவில் ஒன்று, கழியோரத்தில் ஒன்று என உழவர் பண்ணைகள் தனித்தனியே அமைந்தன. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு பெயர் உண்டு. அப்பண்ணைப் பெயரே அங்கு வாழ்ந்த பலருக்குக் குடும்பப் பெயராகவும் நிலைத்தது.

அம்மக்களின் ஆண்டு இரு பெரும் பொழுதுகளாகப் பிரிந்தது. கோடையில் இரவிலும் வெளிச்சம் முற்றிலும் மறைவதில்லை. கால்நடைகளை மலைமேல் உள்ள புல்வெளிகளுக்கு ஓட்டிச் சென்று, அங்குள்ள சிறு குடில்களில் பெண்கள் தங்கி, பால் கறந்து வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தனர். குளிர்காலத்தில் பகல் சுருங்கும். நிலம் பனியில் மூடிக்கொள்ளும். காலில் மரச் சறுக்குகளைப் பூட்டிக்கொண்டே ஊர்விட்டு ஊர் சென்றனர். கோடையில் ஈட்டிய தானியத்தையும் உணவையும் காக்க, எலி ஏறாதவாறு தூண்கள்மீது உயர்த்திக் கட்டிய மரக் களஞ்சியம் பண்ணைதோறும் இருந்தது. ஒருவர் வீட்டுக்குக் கூரை வேய்வது போன்ற பெருவேலைகளுக்கு அண்டையிலுள்ளோர் கூலி பெறாமல் கூடி உழைக்கும் வழக்கமும் உண்டு. அவ்வழக்கம் இன்றும் அந்நாட்டில் போற்றப்படுகிறது.

நீண்ட குளிர்கால மாலைகளில் அடுப்பங்கரையே அவர்களின் அவை. பெண்கள் கம்பளி நூற்றனர். ஆண்கள் மரத்தைச் செதுக்கினர். முதியோர் கதை சொல்லினர். மலைகளில் வாழும் பூதங்களும், அடுப்புச் சாம்பலருகே சோம்பிக் கிடந்தாலும் இறுதியில் அறிவால் வெல்லும் கடைசி மகனும் அக்கதைகளில் மீண்டும் மீண்டும் வந்தனர். 1865ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், இந்நாட்டின் மிகப் பெரிய ஏரியான மியோசாவின் மேற்குக் கரையிலுள்ள யோவிக் என்னும் சிறு நகரில் பால் ஓலாப் போடிங் பிறந்தார்.

பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று

போடிங் பிறந்த காலத்தில் நார்வே மக்கள் தம் மொழியைக் குறித்து ஒரு பெரும் வினாவை எழுப்பியிருந்தனர். 1380 முதல் 1814 வரை அந்நாடு டென்மார்க் மன்னரின் ஆட்சியின்கீழ் இருந்தது. ஆலயத்திலும் நீதிமன்றத்திலும் பள்ளியிலும் டேனிய மொழியே எழுத்து மொழியாயிற்று. உழவரும் மீனவரும் தம் வட்டாரப் பேச்சையே பேசினர். ஆனால், அதனை எழுதத் தகுந்த மொழியாக எவரும் கருதவில்லை. வீட்டில் பேசும் சொல் பள்ளியில் பிழையாயிற்று.

1814ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் நார்வே தனக்கென ஓர் அரசமைப்புச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. அந்நாள் இன்றும் நாட்டு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. படையணிகளின் அணிவகுப்பைவிடப் பள்ளிச் சிறுவர் சிறுமியர் கொடியேந்திச் செல்லும் ஊர்வலமே அவ்விழாவின் சிறப்பு. எனினும், அதே ஆண்டில் சுவீடனோடு இணைக்கப்பட்ட நார்வே, 1905இல்தான் முழு விடுதலை பெற்றது. இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளில், தாம் யார் என்னும் வினாவிற்கு விடையை அம்மக்கள் அரண்மனைகளில் தேடவில்லை. உழவர் வீட்டு அடுப்பங்கரைகளில் தேடினர்.

அஸ்பியோர்ன்சன், மோ என்னும் இரு நண்பர்கள் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறக் கதைகளைக் கேட்டு எழுதி, 1841 முதல் வெளியிட்டனர். உழவர் குடியில் பிறந்து, இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்த இவார் ஓசென் என்பார் 1842 முதல் 1846 வரை நாட்டின் பல பகுதிகளைச் சுற்றி வட்டாரச் சொற்களைத் தொகுத்தார். அவருடைய நாட்டுமொழி இலக்கணம் 1848இலும் அகராதி 1850இலும் வெளிவந்தன. அவற்றின் அடிப்படையில் ஒரு புதிய எழுத்துமொழி உருவாயிற்று. 1885இல் நார்வே நாடாளுமன்றம் அம்மொழிக்கு, டேனிய வழிவந்த எழுத்துமொழிக்கு நிகரான தகுதியை அளித்தது. உழவரின் பேச்சு அவையேறியது. அப்போது போடிங் இருபது வயதை எட்டாத இளைஞர்.

இச்சூழலில் வளர்ந்த தலைமுறை ஒன்றைத் தெளிவாகக் கண்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் இலக்கணம் உண்டு; அச்சேறாத கதையிலும் இலக்கியம் உண்டு. இந்த அறிவே பின்னாளில் போடிங்கின் வாழ்வுப்பணியாகக் கனிந்தது.

வங்கத்தை நோக்கி

யோவிக் நகரில் போடிங்கின் தந்தை புத்தகக் கடை நடத்திவந்தார். இந்தியாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஒருவர் அக்கடைக்கு வருவதுண்டு. அவரே லார்ஸ் ஓல்சன் ஸ்க்ரெப்ஸ்ருட். இளமையில் திருட்டுக் குற்றத்திற்காகச் சிறை சென்றவர். சிறையிலிருந்தபடியே மொழிகளைக் கற்றவர். மனம் திரும்பி, 1863இல் சமயப் பணியாளராக இந்தியா வந்தவர். டென்மார்க்கைச் சேர்ந்த போரெசனுடன் சேர்ந்து 1867இல் பெனகரியா என்னும் ஊரில் சந்தால் மக்களிடையே பணி தொடங்கினார். 1873இல் சந்தாலி மொழிக்கு இலக்கணம் எழுதினார். அவர்பால் ஈர்க்கப்பட்ட போடிங், கிறித்தியானியா பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்று, 1889இல் அப்படிப்பை நிறைவுசெய்தார். கிறித்தியானியா என்பது இன்றைய ஓசுலோ நகரின் அன்றைய பெயர். படிப்பு முடிந்ததும் இருபத்து நான்கு வயது இளைஞராக அவர் இந்தியாவிற்குப் புறப்பட்டார்.

அவர் வந்து சேர்ந்த இடம், அன்றைய வங்க மாகாணத்தின் சந்தால் பர்கானா. இன்று அப்பகுதி ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ளது. தும்கா நகருக்கு அருகிலுள்ள மொகுல்பகாரி அவருடைய நெடுங்கால உறைவிடமாயிற்று. அவ்வூர்ப் பெயருக்கு இலுப்பைக் குன்று என்று பொருள். இலுப்பைப்பூ சந்தால் மக்களின் உணவிலும் வாழ்விலும் பிரிக்க முடியாத இடம் பெற்றது.

சந்தால் மக்களின் உலகம்

சந்தால் மக்கள் இந்தியாவின் பெரும் பழங்குடி இனங்களுள் ஒன்றைச் சேர்ந்தோர். அவர்களின் சந்தாலி, ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தின் முண்டா பிரிவைச் சார்ந்தது. அது இந்தோ-ஆரிய மொழியும் அன்று; திராவிட மொழியும் அன்று. அவர்கள் தம்மை ஹொர் என்று அழைத்துக்கொள்வர். மனிதர் என்பதே அச்சொல்லின் பொருள்.

நேராக ஓடும் தெருவின் இருமருங்கிலும் மண்சுவர் வீடுகள் நிற்பது சந்தால் ஊரின் அமைப்பு. சுவர்களைப் பெண்கள் மெழுகி வண்ணம் தீட்டுவர். மாஞ்சி எனப்படும் தலைவர் ஊர்ப் பெரியோருடன் கூடி வழக்குகளைத் தீர்ப்பார். ஊருக்கு வெளியே சால் மரங்கள் நிறைந்த புனிதத் தோப்பு இருக்கும். அறுவடை முடிந்ததும் சொகராய் விழாவும், மரங்கள் பூக்கும் பருவத்தில் பாகா என்னும் மலர் விழாவும் நிகழும். முழவும் குழலும் ஒலிக்க, கைகோத்து ஆடும் ஆட்டம் இல்லாத விழா அவர்களிடம் இல்லை.

அதே மக்கள் பெருந்துயரையும் கண்டவர்கள். வட்டிக்காரர்களும் நிலக்கிழார்களும் நிலத்தைப் பறித்தபோது, 1855ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் போக்னாடி என்னும் ஊரில் சித்து, கானு என்னும் உடன்பிறந்தார் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு எழுந்தனர். ஆங்கிலேயப் படை அவ்வெழுச்சியைக் கொடுமையாக அடக்கியது. வில்லும் அம்பும் துப்பாக்கிக்கு ஈடாகவில்லை. போடிங் அங்குச் சென்றபோது அவ்வெழுச்சியைக் கண்ணால் கண்ட முதியோர் வாழ்ந்துகொண்டிருந்தனர். சுரங்கங்களுக்கும் தொலைதூரத் தேயிலைத் தோட்டங்களுக்கும் இளைஞர் பிழைப்புத் தேடிச் சென்றுகொண்டிருந்தனர். முதியோர் நினைவில் மட்டுமே வாழ்ந்த கதையும் வழக்கும் மருந்தும் அவர்களோடு மறையும் நிலையில் இருந்தன.

இதனை முன்பே உணர்ந்த ஸ்க்ரெப்ஸ்ருட், கொலியான் என்னும் சந்தால் முதியவர் சொல்லச் சொல்ல எழுதிய முன்னோர் வரலாற்றை 1887இல் சந்தாலி மொழியிலேயே வெளியிட்டார். அதே 1887ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டார் என்பது எண்ணத்தக்கது. இங்கே ஏட்டிலிருந்து ஒரு காப்பியம் மீட்கப்பட்டது. அங்கே ஒருவர் நாவிலிருந்து ஓர் இனத்தின் நினைவு மீட்கப்பட்டது.

செவி கற்ற இலக்கணம்

ஒரு மொழியை எழுதுவதற்கு முன் அதனைச் சரியாகக் கேட்க வேண்டும். சந்தாலியில் சில மெய்கள் சொல்லின் இறுதியில் முழுமையாக வெடிக்காமல் தொண்டையிலேயே தடுத்து நிறுத்தப்படும். உயிரொலிகளிலும் நுட்பமான வேறுபாடுகள் பல உண்டு. மூக்கொலி சேர்வதும் உண்டு. ஐரோப்பியர் செவிக்கு இவை எளிதில் பிடிபடா. நம் ழகரத்தைக் கற்கும் பிறமொழியாளர் படும் இடர்ப்பாட்டை நினைத்தால் இது விளங்கும். போடிங் உரோமன் எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளும் கோடுகளும் இட்டு, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு குறி என வரையறுத்தார். பணியைத் தொடங்கி வைத்த ஸ்க்ரெப்ஸ்ருட்டின் முறையை அவர் மேலும் செம்மைப்படுத்தினார்.

ஒலியைக் கடந்து இலக்கணத்திற்குச் சென்றபோது மேலும் வியப்புகள் காத்திருந்தன. தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளடங்குவர். ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் அடங்கார். இவ்வேறுபாடு போடிங்கின் தாய்மொழியில் இல்லை. சந்தாலியிலோ அது உண்டு. அதற்கு மேலும், சந்தாலியில் ஒருமை, பன்மை ஆகியவற்றோடு இருமை என்னும் எண்ணும் உண்டு. எனவே, ‘நானும் நீயுமாகிய இருவர்’, ‘நானும் அவனுமாகிய இருவர்’, ‘நீயும் உள்ளிட்ட நாம் பலர்’, ‘நீ நீங்கலாக நாங்கள் பலர்’ என நான்கு சொற்கள் வேண்டும். நார்வே மொழியில் இவை நான்கிற்கும் ஒரே சொல்தான். உயிருள்ளவை, உயிரற்றவை என்னும் பகுப்பும் சந்தாலி இலக்கணத்தில் வினை வரை செல்லும். அங்கே ஞாயிறும் திங்களும் விண்மீன்களும் உயிருள்ளவற்றோடு வைத்து எண்ணப்படும்.

எழுத்தில்லாத மக்களின் மொழி எளிமையானது, வளமற்றது என்று கருதியோர் அக்காலத்தில் பலர். அக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதை இவ்விலக்கணமே காட்டியது. போடிங் எழுதிய சந்தாலி இலக்கணக் குறிப்புகளின் முதற்பகுதி 1922இலும் இரண்டாம் பகுதி 1929இலும் வெளிவந்தன. அதற்கு முன்பே, 1914இல், அவருடைய சந்தாலி விவிலிய மொழிபெயர்ப்பு நிறைவுற்றது.

கதைகளும் கதை தந்தோரும்

நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டுவதில் போடிங் தம் நாட்டவர் காட்டிய வழியையே பின்பற்றினார். கதையைக் கேட்டுவிட்டுத் தம் நடையில் திருத்தி எழுதுவது எளிது. அவர் அவ்வாறு செய்யவில்லை. கதை சந்தாலியிலேயே, சொன்னவாறே எழுதப்பட வேண்டும் என்று விரும்பினார். அப்பணியில் அவருக்குத் துணைநின்ற சந்தால் மக்களுள் முதன்மையானவர் சாக்ராம் முர்மு. தம் மக்களிடையே வழங்கிய கதைகளையும் வழக்கங்களையும் திரட்டிப் பக்கம் பக்கமாக எழுதித் தந்தவர் அவர். ஒரு பக்கத்தில் சந்தாலி மூலம், எதிர்ப்பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு என அமைந்த மூன்று தொகுதிகள் 1925 முதல் 1929 வரை ஓசுலோவிலிருந்து வெளிவந்தன. போடிங் திரட்டிய கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஆட்சிப் பணியாளரான பாம்பஸ் 1909ஆம் ஆண்டிலேயே ஒரு நூலாக வெளியிட்டிருந்தார்.

அக்கதைகளில் நரி பெரும்பங்கு வகிக்கிறது. புலியையும் ஏமாற்றும் அந்நரி, சில வேளைகளில் தானே ஏமாறுகிறது. வலியோரை எளியோர் அறிவால் வெல்வதும், எளியோரும் தம் பேராசையால் வீழ்வதும் கதைக்குக் கதை மாறி மாறி வருகின்றன. நார்வே அடுப்பங்கரையில் சாம்பலருகே கிடந்த கடைசி மகனும், சந்தால் காட்டின் நரியும் முற்றிலும் வேறான இரு மண்ணில் பிறந்தவர்கள். எனினும், வலிமையற்றவருக்கு அறிவே படைக்கலம் என்னும் நம்பிக்கையில் இருவரும் உறவினர். யோவிக்கில் பிறந்த ஒருவருக்கு இக்கதைகள் அயலாகத் தோன்றியிரா.

இங்கு ஓர் உண்மையை மறக்கலாகாது. நூலின் முகப்பில் அச்சாவது தொகுத்தவரின் பெயர். ஆனால், கதை சொல்லியவர், சொல்லின் பொருளை விளக்கியவர், காட்டுக்கு அழைத்துச் சென்று செடியை அடையாளம் காட்டியவர் ஆகியோர் பலரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. சாக்ராம் முர்முவின் பெயர் நிலைத்தது நற்பேறு. போடிங்கின் நூல்கள் ஒருவரது உழைப்பன்று. ஓர் இனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டதன் பதிவு.

அகராதியும் மருத்துவமும்

போடிங்கின் வாழ்நாட் பணிகளுள் தலையாயது சந்தாலி அகராதி. 1929 முதல் 1936 வரை ஐந்து தொகுதிகளாக அது ஓசுலோவில் அச்சாயிற்று. நார்வே அறிவியல் கழகம் அதனை வெளியிட்டது. இவ்வகராதி சொல்லுக்குப் பொருள் தருவதோடு நின்றுவிடவில்லை. சொல்லை மக்கள் எவ்வாறு பயன்படுத்துவர் என்பதற்கு எடுத்துக்காட்டுத் தொடர்களைத் தருகிறது. மரத்தின் பெயர் வந்தால் அதன் பயன் கூறப்படுகிறது. சடங்கின் பெயர் வந்தால் அது நிகழும் முறை விளக்கப்படுகிறது. கருவி, விளையாட்டு, வேட்டை, உறவுமுறை, வசைச்சொல் என வாழ்வின் எந்தக் கூறும் விடுபடவில்லை. அகர வரிசையில் அடுக்கப்பட்ட ஒரு சந்தால் ஊர் என்றே அதனைக் கூறலாம்.

சந்தால் மக்களின் மருத்துவம் பற்றிய அவருடைய ஆய்வு, வங்க ஆசியக் கழகத்தின் வெளியீடாக 1925 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட மருந்து முறைகளை அவர் அதில் பதிவுசெய்தார். எந்த நோய்க்கு எந்த வேர், எந்தப் பட்டை, எவ்வாறு அரைத்து, எவ்வாறு உட்கொள்வது என்னும் விவரங்கள் அதில் உள்ளன. பாட்டி வைத்தியம் என்று நாம் எளிதாகக் கடந்து செல்லும் அறிவு, முறையாக எழுதப்படும்போது ஓர் அறிவியற் களஞ்சியமாகிறது என்பதற்கு அந்நூல் சான்று. அதில் கூறப்பட்டவை யாவும் பயன் தருபவையா என்பது வேறு வினா. ஆராய்வதற்குக்கூட அவை முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டுமல்லவா?

சந்தால் மக்கள் பயன்படுத்திய பொருள்களையும் திரட்டி அவர் ஓசுலோ அருங்காட்சியகத்திற்கு அனுப்பினார். கையெழுத்துப் படிகள் நார்வேயில் பாதுகாக்கப்பட்டு, இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

தெரிந்து தெளிவோம்

நார்வே அறிஞர் ஒருவருக்குத் தமிழோடும் தொடர்புண்டு. ஸ்டென் கோனோ என்பவர், கிரியர்சன் தலைமையில் நடைபெற்ற இந்திய மொழிக் கணக்கெடுப்பின் நான்காம் தொகுதியை உருவாக்கியவர். 1906இல் வெளிவந்த அத்தொகுதி முண்டா மொழிகளையும் திராவிட மொழிகளையும் பற்றியது. சந்தாலியும் தமிழும் அதில் ஒரே நூலின் இரு பகுதிகளாக அமைந்தன.

நிறையும் வரையறையும்

போடிங் சமயம் பரப்பும் பணிக்காக இந்தியா வந்தவர். அத்தகைய பணிகள் பழங்குடி மக்களின் வழிபாட்டிலும் வாழ்வியலிலும் விளைவித்த மாற்றங்களைக் குறித்து மாறுபட்ட கருத்துகள் உண்டு. சந்தால் மக்களுள் பெரும்பாலோர் தம் முன்னோர் வழிபாட்டையே தொடர்ந்தனர். எனினும், தாம் ஏற்றுக்கொள்ளாத நம்பிக்கைகளையும் சடங்குகளையும் போடிங் விரிவாகப் பதிவுசெய்தார். அந்த நேர்மையே அவரது நூல்களுக்கு நிலைபேற்றை அளித்தது.

அவர் செம்மைப்படுத்திய உரோமன் எழுத்துமுறையிலும் சந்தால் மக்கள் அனைவரும் நிறைவு காணவில்லை. தம் மொழிக்குத் தமக்கே உரிய எழுத்து வேண்டும் என்று எண்ணிய ரகுநாத் முர்மு, 1925இல் ஒல் சிக்கி என்னும் வரிவடிவத்தை உருவாக்கினார். போடிங்கின் கதைத்தொகுதி வெளிவரத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஒருபுறம், அயல்நாட்டவர் ஒருவர் சந்தாலிச் சொல்லைத் தம் எழுத்தில் காத்தார். மறுபுறம், சந்தால் அறிஞர் ஒருவர் தம் சொல்லுக்குத் தாமே எழுத்துப் படைத்தார். முன்னது மொழியின் நினைவைக் காத்தது. பின்னது அம்மொழியினரின் தன்மதிப்பை உயர்த்தியது. நார்வே உழவர்களுக்கு இவார் ஓசென் எவ்வாறோ, சந்தால் மக்களுக்கு ரகுநாத் முர்மு அவ்வாறு என்று கூறினும் பொருந்தும்.

நாற்பத்து நான்கு ஆண்டுகள் சந்தால் மக்களிடையே பணியாற்றிய போடிங் ஐரோப்பாவிற்குத் திரும்பி, 1938ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் டென்மார்க்கின் ஓடென்சே நகரில் மறைந்தார். அவருடைய பணி அவரோடு முடியவில்லை. சந்தாலி விடுகதைகளைப் பற்றிய நூல் 1940இல் வெளிவந்தது. கொலியான் சொல்லிய முன்னோர் வரலாற்றிற்கு அவர் எழுதிவைத்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் குறிப்புகளையும் ஸ்டென் கோனோ 1942இல் வெளியிட்டார்.

விடுதலை பெற்ற இந்தியாவில், 2003ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டத் திருத்தத்தின் வழியாகச் சந்தாலி எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 73 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டுள்ளனர். இன்று அதில் கதையும் கவிதையும் நாடகமும் எழுதப்படுகின்றன.

நம் மண்ணின் சொற்கள்

போடிங்கின் வாழ்வு தொலைவிலுள்ள ஓர் இனத்தின் கதை மட்டுமன்று. நீண்ட இலக்கிய மரபுடைய தமிழிலும் எழுத்தில் ஏறாத சொற்கள் ஊர்தோறும் உள்ளன. செட்டிநாட்டையே எடுத்துக்கொள்வோம். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களின் பெருவீடுகளில் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் உண்டு. தந்தையை அப்பச்சி என்பதும், தாயைப் பெற்றவளை ஆயா என்பதும் அங்குள்ள நகரத்தார் வழக்கு. திருமணத்தின்போது எழுதப்படும் இசைகுடிமானமும், பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்ளும் வழக்கமும் தமக்கெனத் தனிச் சொற்களைக் கொண்டவை. வீடு இடிக்கப்பட்டு அதன் தூண்கள் விலைக்குச் செல்லும்போது, வளவு என்னும் சொல்லும் வழக்கொழியத் தொடங்குகிறது. பொருள் மறைந்தால் சொல் மறையும். சொல் மறைந்தால் வாழ்ந்த முறையும் நினைவை விட்டு நீங்கும்.

இதனை உணர்ந்த ஒருவர் செட்டிநாட்டிலேயே வாழ்ந்தார். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, அரிய நூல்களோடு, பிறர் பயனற்றவை என்று எறிந்துவிடும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் அத்தொகுப்பு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக உயர்ந்து நிற்கிறது. அதுபோலவே, கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்தின் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார்.

இப்பணிக்குப் பெருஞ்செல்வமோ பெரும்பட்டமோ முதற்தேவையன்று. எளியோர் பேச்சு இழிந்ததன்று என்னும் எண்ணமும், பொறுமையோடு கேட்கும் செவியும் வேண்டும். வயலில் நாற்று நடுபவர், கட்டுமரம் செலுத்துபவர், கொத்தனார், தறி நெய்பவர் ஆகியோரின் நாவில் அகராதி காணாத சொற்கள் இன்றும் வாழ்கின்றன. அவற்றைப் பேசும்போது மாணவர் நாணவேண்டிய தேவை இல்லை. தம் வீட்டுச் சொல்லுக்கு மதிப்புத் தேடிக்கொண்ட ஒரு நாட்டின் மகன்தான் பிறர் வீட்டுச் சொல்லையும் மதிக்கக் கற்றார். போடிங் விட்டுச்சென்ற ஐந்து தொகுதிகளும் நமக்கு உணர்த்துவது இதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் இளமையில் வழங்கி, இன்று வழக்கொழிந்த இருபது சொற்களைக் கேட்டு, பொருளும் எடுத்துக்காட்டுத் தொடரும் சேர்த்து அகர வரிசையில் தொகுக்க. சொல்லியவரின் பெயரையும் ஊரையும் தவறாது குறிக்க.

2. உங்கள் ஊரில் வழங்கும் நாட்டுப்புறக் கதை ஒன்றை, சொன்னவரின் பேச்சுநடை மாறாமல் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.

3. உ.வே. சாமிநாதையரின் பதிப்புப் பணியையும் போடிங்கின் தொகுப்புப் பணியையும் ஒப்பிட்டு, ஏட்டிலிருந்து மீட்பதற்கும் வாய்மொழியிலிருந்து மீட்பதற்கும் உள்ள வேறுபாடுகளைக் கலந்துரையாடுக.

4. ‘ஒரு மொழியைக் காப்பது அதனைப் பதிவுசெய்வதா, தொடர்ந்து பேசுவதா?’ என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.